"ஹைப்போ" என்று வாங்கியது எட்டு மாதத்தில் மண் நிறம்: பெட்டியில் ஒட்டிய சீட்டை எவ்வளவு நம்பலாம்?

மடியில்ஓணான்

எல்லோருக்கும் வணக்கம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பியர்டெட் டிராகன் (தொண்டையில் தாடி மாதிரி தோல் உள்ள ஆஸ்திரேலிய ஓணான்) குஞ்சு வாங்கினேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த மார்ஃப் (நிறம், தோல் வகை) விவரத்தை அப்படியே தருகிறேன்: "சூப்பர் சிட்ரஸ் டைகர் ஹைப்போ, 100% ஹெட் டிரான்ஸ், ஹெட் ரெட், பெண்." விற்றவர் அனுப்பிய படத்தில் எலுமிச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தது. கைக்கு வந்தபோதும் ஓரளவு மஞ்சள்தான். இப்போது காய்ந்த மண்ணில் விட்டால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறாள், எடை ஏறுகிறது, கூண்டைத் திறந்தால் ஓடி வருகிறாள். நிறம் மட்டும்தான் காணாமல் போய்விட்டது.

நான் வளர்த்த விதத்தில் நிறம் போய்விட்டதா, இல்லை முதலிலேயே இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுத்தேனா? விற்றவரிடம் கேட்டால் "லைட் சரியில்லை, கேரட் அதிகமா குடுங்க" என்கிறார்.

முட்டைக்காவலன்

முதலில் நகத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஹைப்போ என்றால் கறுப்பு நிறமி குறைந்தது. அது ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் நகம் காட்டிக்கொடுத்துவிடும். காலுக்கு ஐந்து, மொத்தம் இருபது நகம். இருபதும் தெளிவாக, உள்ளே இருக்கும் ரத்த ஓட்டம் மட்டும் லேசாகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நகத்தின் முதுகில் பழுப்புக் கோடு ஓடினால் அது ஹைப்போ இல்லை. ஒரே ஒரு நகத்தில் ஓடினாலும்தான். "பாதி ஹைப்போ" என்று சிலர் விற்கிறார்கள், அப்படி ஒன்று கிடையாது.

குஞ்சாக இருக்கும்போது நகம் ஊசி முனை அளவுதான், அதனால் ஏமாறுவது சுலபம். உங்களுடையது வளர்ந்துவிட்டதால் இப்போது நன்றாகவே தெரியும்.

வெயில்கல்

நகம் பார்க்கிற வரைக்கும் நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் லைட்டை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம், ஆனால் லைட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

இவை ஒரு நாளிலேயே பல நிறம் காட்டும். காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும்போது முதுகு கறுத்திருக்கும், வெப்பத்தை இழுக்க அதுதான் வசதி. 40 டிகிரி சூட்டில் கல் மேல் அரை மணி நேரம் படுத்துவிட்டால் வெளுத்து மஞ்சள் மேலே வரும். பயந்தால் வயிற்றில் கரும்பட்டைகள், கோபம் வந்தால் தாடி கறுப்பு. தோல் உரிக்கப் போகும்போது சாம்பல் பூசின மாதிரி இருக்கும், உரித்த மறுநாள் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். விற்பனைப் படம் எந்த நேரத்தில் எடுத்ததாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சூடேறி, தோல் உரித்த மறுநாள், மஞ்சள் பல்புக்குக் கீழே. அதுக்கு மேல் போனில் கலரை ஏற்றினால் முடிந்தது.

நான் படம் கேட்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் மஞ்சளாக இருந்தால் ஓணானின் மஞ்சளையும் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வேன். ஒருமுறை ஒருவர் அனுப்பிய "ரத்தச் சிவப்பு" குஞ்சின் படத்தில் தாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. "தாளும் மார்ஃபா?" என்று கேட்டேன். அதோடு பதில் வரவில்லை.

மடியில்ஓணான்

பார்த்துவிட்டேன். துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் தெளிவு, சந்தோஷப்பட்டேன். பின்னங்காலில் இடது பக்கம் நீளமான விரல் நகத்தில் டீ கறை மாதிரி ஒரு கோடு. சாணி ஒட்டியிருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. அதே காலில் இன்னும் இரண்டு, வலது பின்னங்காலில் ஒன்று. மொத்தம் நான்கு நகம்.

இந்த விசாரணை முழுக்க அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டைக்காவலன்

அப்ப ஹைப்போ இல்லை. வருத்தப்படாதீர்கள், ஆள் நல்லா இருக்காள் என்பதுதான் முக்கியம்.

இரண்டாம்கை

நான் குஞ்சுகளை வாங்கி விற்பவன், அதனால் அடி வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். எல்லோரும் விற்றவரைத் திருடன் ஆக்க வேண்டாம். எனக்கு வரும் பெட்டியில் ஏற்கனவே பெயர் எழுதித்தான் வருகிறது. வளர்ப்பவர் "சிட்ரஸ்" என்று எழுதுவார். நடுவில் வாங்கியவர் "சூப்பர் சிட்ரஸ்" ஆக்குவார். மூன்றாவது ஆள் நகம் வெளிறியிருக்கிறது என்று "ஹைப்போ" சேர்ப்பார். யாருமே முழுப் பொய் சொன்னதாக நினைப்பதில்லை. அதோடு குஞ்சின் நிறம் வளர வளர மாறத்தான் செய்யும். ஆரஞ்சாக இருந்தது மண் நிறமாகும், மண் நிறமாக இருந்தது ஆறு மாதத்தில் சிவக்கும். அதற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுக்க முடியும்?

செதில்

உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அதே நிறத்துக்குத்தான் அதிக விலையும் வாங்குகிறீர்கள். அதுதானே இங்கே பிரச்சினை?

சீட்டில் இரண்டு வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஹைப்போ, டிரான்ஸ் (கண் முழுக்கக் கறுப்பாக, செதில் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருப்பது), விட்ப்ளிட்ஸ், ஜீரோ, லெதர்பேக், டன்னர் எல்லாம் ஒற்றை ஜீன் விவகாரம். எந்தெந்த ஜோடி சேர்ந்தால் குஞ்சுகளில் எத்தனை பங்கு எப்படி வரும் என்று கணக்குப் போடலாம், பொரித்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். சிட்ரஸ், ரெட், டேஞ்சரின், சன்பர்ஸ்ட், டைகர் எல்லாம் அப்படி இல்லை. பல ஜீன்கள் சேர்ந்து கொடுக்கும் சாயல் அது. நல்ல சிவப்பையும் நல்ல சிவப்பையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்தால் கூடும், விட்டால் குறையும். ஒரே முட்டைக் கூட்டத்தில் இருபது குஞ்சு பொரித்தால் இருபதும் வேறு வேறு சிவப்பாக இருக்கும்.

அதனால் "ஹெட் ரெட்" என்பதற்கு அர்த்தமே இல்லை. ஹெட் என்றால் ஒரு ஒடுங்கு ஜீனின் ஒரு பிரதியை உள்ளே ஒளித்து வைத்திருப்பது. சிவப்புக்கு அப்படி ஒளித்து வைக்க ஒற்றை ஜீன் ஏது? அப்பா சிவப்பாக இருந்திருப்பார், குஞ்சு இல்லை, அதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கேரட் பற்றியும் ஒன்று: இந்த ஓணான் வகைகளில் சிவப்புக்குப் பெரும்பங்கு டெரிடின் என்ற நிறமி, அதை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. மஞ்சளில் தீனியிலிருந்து வரும் கரோட்டினாய்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. கேரட் கெடுதல் இல்லை, ஆனால் மண் நிறத்தை எலுமிச்சையாக்காது.

முட்டைக்காவலன்

"ஹெட் லெதர்பேக்", "ஹெட் டன்னர்" என்றும் எழுதுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டன்னர் ஓங்கு பண்பு. இருந்தால் செதில்கள் திசை மாறி நிற்பது தெரியும், தெரியவில்லை என்றால் இல்லை. ஒளிந்திருக்க வழியே இல்லை. லெதர்பேக்கும் ஒரு பிரதி இருந்தாலே முதுகு வழவழவென்று தெரிந்துவிடும். அப்ப "ஹெட் லெதர்பேக்" என்று சொல்லி விற்பது சாதாரணக் குஞ்சைத்தான்.

புதுக்கூண்டு

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு "66% ஹெட் டிரான்ஸ்" என்று ஒன்று காட்டினார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஜீன் உள்ளே இருக்கிறது, அதனால் ஒரு பங்கு டிரான்ஸ் மாதிரி கண் கறுப்பாகும் என்றார்கள். உண்மையா அண்ணா?

முட்டைக்காவலன்

இல்லை தம்பி. ஜீன் ஒன்று இருக்கும், இல்லை என்றால் இருக்காது. பூவா தலையா போட்டு உள்ளங்கையில் மூடி வைத்திருக்கிறோமே, கை திறக்கிற வரைக்கும் சொல்கிற சதவீதம்தான் அது.

இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று டிரான்ஸ், இரண்டு ஹெட், ஒன்று சுத்தமான சாதாரணம். டிரான்ஸை கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். மிச்சம் மூன்றில் இரண்டு ஹெட், ஆனால் எந்த இரண்டு என்று தெரியாது. அதனால் மூன்றுக்கும் 66% என்று எழுதுகிறோம். ஒரு ஹெட்டையும் ஒரு சாதாரணத்தையும் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் 50%. "100% ஹெட்" என்று எழுத வேண்டுமானால் அப்பா, அம்மாவில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற டிரான்ஸாக இருந்திருக்க வேண்டும். இந்த இழையைத் தொடங்கிய சகோதரி விற்றவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்: டிரான்ஸ் அப்பாவா, டிரான்ஸ் அம்மாவா, படம் எங்கே?

பழையகூண்டு

காவலன் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்டைகள் விந்தை உள்ளே சேமித்து வைத்து, ஒரே சேர்க்கையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டை இடும். இடையில் ஆணை மாற்றியிருந்தால் "அப்பா இவர்தான்" என்று வளர்ப்பவரே உறுதியாகச் சொல்ல முடியாது. நானே இந்த விஷயத்தில் மாட்டியிருக்கிறேன். ஜோடி மாற்றி வந்த முதல் கூட்டத்தில், வரவே கூடாத இரண்டு ஹைப்போ குஞ்சு. பழைய ஆணின் வேலை. அந்தக் கூட்டம் முழுவதையும் "அப்பா தெரியவில்லை" என்று எழுதித்தான் கொடுத்தேன், நஷ்டம்தான்.

முட்டைக்காவலன்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சேர்த்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. சந்தேகமான ஹெட்டைக் கண்ணுக்குத் தெரிகிற டிரான்ஸோடு சேர்த்தால், அது உண்மையில் ஹெட் என்றால் ஒவ்வொரு குஞ்சும் டிரான்ஸாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏழு குஞ்சு பொரித்து ஒன்றுகூட வரவில்லை என்றால், அது ஹெட்டாக இருந்தும் அப்படி நடக்க 128-ல் ஒரு வாய்ப்புதான். அதற்கு மேல் நம்பிக்கொண்டிருந்தால் அது பக்தி.

ராத்திரிப்பூச்சி

அல்பினோ என்று விற்பதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். மாதம் ஒரு "அல்பினோ" விளம்பரம் பார்க்கிறேன்.

செதில்

நான் இதுவரை பார்த்த எல்லா "அல்பினோ"வும் ஹைப்போவும் டிரான்ஸும் ஒன்றாகச் சேர்ந்த குஞ்சுகள்தான். வெளிறிய உடம்பு, தெளிந்த நகம், கண் முழுக்கக் கறுப்பு. கண்ணைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். நிறமியே இல்லாத விலங்குக்குக் கண் கறுப்பாக எப்படி இருக்கும்? "லூசிஸ்டிக்", "ஸ்னோ" என்பதும் பெரும்பாலும் இதே கூட்டம். வெளுத்ததெல்லாம் பால் ஆகிவிடுகிறது.

"ப்ளூ" என்று வருவதும் அப்படியே. டிரான்ஸ் குஞ்சுக்குச் செதில் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருப்பதால் வயிறும் கண்ணிமையும் நீலமாகத் தெரியும், வளர்ந்து தோல் தடித்தால் மங்கிவிடும். நீல நிறத்துக்குத் தனி மார்ஃப் இல்லை.

விட்ப்ளிட்ஸ், ஜீரோ இரண்டும் உடம்பில் கோலமே இல்லாதவை, இரண்டும் ஒடுங்கு பண்பு, ஆனால் வேறு வேறு வரிசை. விட்ப்ளிட்ஸ் தென்னாப்பிரிக்காவில் கிளம்பியது, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வெள்ளை மின்னல் என்று பொருள். பெயர் அப்படி இருந்தாலும் அதன் உடம்பில் மணல் நிறமோ வெளிர் மஞ்சளோ தங்கியிருக்கும். ஜீரோவில் அதுவும் இருக்காது, வெள்ளியும் சாம்பலும்தான். ஜீரோவுக்கு விலை அதிகம் என்பதால், வெளிறிய விட்ப்ளிட்ஸைச் சூடேற்றிப் படமெடுத்து ஜீரோ ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த நேரத்தில் ஒரு படம் கேளுங்கள், மறைந்திருக்கும் நிறம் வெளியே வந்துவிடும்.

ராத்திரிப்பூச்சி

பாராடாக்ஸ்?

பழையகூண்டு

உண்மையான பாராடாக்ஸ் என்பது உடம்பில் பெயின்ட் சிந்தின மாதிரி, கோலத்தோடு சம்பந்தமில்லாத திட்டு. குஞ்சுக்குக் கடத்த முடியாது, யாருக்கு வரும் என்று சொல்லவும் முடியாது. எனக்குப் பாராடாக்ஸ் என்று காட்டப்பட்ட ஒன்றின் முதுகில் இருந்த வெள்ளைத் திட்டு, பல்பில் சுட்டு ஆறிய தழும்பு. தொட்டுப் பார்த்தால் செதிலே இல்லை.

அப்புறம் பெரிதாக வளரும் வகை என்று விற்கும் அந்த "ஜெர்மன் ஜெயன்ட்". சாதாரணமாகவே நன்றாக வளர்ந்தது மூக்கிலிருந்து வால் நுனி வரை 45 முதல் 60 செ.மீ. வரும். கைக்குள் அடங்கும் குஞ்சைக் காட்டி ஜெயன்ட் என்று சொன்னால் அளக்க எது இருக்கிறது? இன்னொன்று, "காட்டிலிருந்து வந்த புது ஆஸ்திரேலிய ரத்தம்" என்பது. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பிராணிகளை வணிகத்துக்கு வெளியே விடுவதே இல்லை. வெளிநாடுகளில் இருப்பவை எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பு வெளியே போன சிலவற்றின் பேரன் பேத்திகள்தான். புது ரத்தம் என்றால் ஒன்று பொய், இல்லை என்றால் கடத்தல். இரண்டுமே வாங்கத் தகுந்ததில்லை.

பட்டுத்தோல்

எல்லோரும் நிறத்தைப் பேசுகிறீர்கள், நான் வாங்கியது சில்க்பேக். "சில்க், அபூர்வ மார்ஃப், வெல்வெட் மாதிரி தோல்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதற்குச் செதிலே இல்லை என்பதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை, அழகு என்றே சொன்னார்கள்.

ஒவ்வொரு தடவை தோல் உரிக்கும்போதும் ஒரு வாரம் அவனோடுதான் இருப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, விரல்களில் மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும் பழைய தோலைப் பஞ்சால் நனைத்து நனைத்து நகர்த்த வேண்டும். ஒருமுறை முன்னங்கால் விரலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. இறுகி, ரத்தம் நின்று, நுனி கறுத்து விழுந்துவிட்டது. உயிருள்ள வெட்டுக்கிளி கூட கொடுக்கப் பயம், அதன் கால் முள் கீறினாலே ரத்தம். சாதாரண டிராகன் படுக்கிற கல் இவன் வயிற்றை உரசிவிடும், அதனால் துணி விரித்திருந்தேன். மூன்று வயதில் போய்ச் சேர்ந்தான். நன்றாக வளர்க்கும் சாதாரணமானவை பத்து வயதைத் தொடும் என்கிறார்கள்.

செதில்

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லெதர்பேக் ஜீன் ஒரு பிரதி என்றால் செதில் சிறுக்கும், இரண்டு என்றால் சில்க்பேக். 2016-ல் வெளிவந்த ஆய்வில் இந்தச் செதிலில்லாத டிராகனை வைத்துத்தான், ஊர்வனவற்றின் செதிலும் பறவையின் இறகும் பாலூட்டியின் முடியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். மாற்றம் இருந்தது ஈ.டி.ஏ. என்ற ஜீனில். மனிதர்களில் அதே ஜீன் பழுதானால் முடி, பல், வியர்வைச் சுரப்பி எல்லாம் சரியாக உருவாகாது. ஆய்வுக்கூடத்துக்கு அது அருமையான பிராணி. முதல் முறை வாங்குகிறவருக்கு அதைச் "சில்க்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது ரொம்பத் தப்பு. எலுமிச்சை மண்ணானால் நமக்கு ஏமாற்றம் மட்டும்தான், இங்கே வலி அதனுடையது.

இரண்டாம்கை

சில்க்பேக்கை நான் விற்பதில்லை, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் லெதர்பேக்கும் லெதர்பேக்கும் சேர்க்கிறவர்களை என்ன செய்வது? நான்கில் ஒன்று சில்க் வந்தே தீரும், அதை யாரிடமாவது தள்ளித்தானே ஆக வேண்டும்.

முட்டைக்காவலன்

லெதர்பேக்கைச் சாதாரணத்தோடு சேர்த்தால் பாதி லெதர்பேக் கிடைக்கும், சில்க் வராது. இதைத் தெரியாமல் செய்கிறவர் யாரும் இல்லை.

மடியில்ஓணான்

விற்றவரிடமிருந்து பதில் வந்தது. டிரான்ஸ் அப்பாவின் படத்தைக் கேட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். வெயில்கல் சொன்ன மாதிரி தாள் எல்லாம் இல்லை, ஆனால் கண் தெளிவாகத் தெரிகிறது: சுற்றிலும் தங்க நிற வளையம், நடுவில் மட்டும் கண்பாப்பா. கண் முழுக்கக் கறுப்பு இல்லை. "இது டிரான்ஸ் இல்லையே" என்றேன். "ஹெட் டிரான்ஸ்" என்றார். அம்மா? "அம்மா சாதாரணம், ஆனா நல்ல லைன்."

முட்டைக்காவலன்

அப்பா உண்மையிலேயே ஹெட் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுடையது 50%. அதை 100 என்று எழுதியிருக்கிறார். இது கைமாறி வந்த தப்பு இல்லை, அவரே போட்ட கணக்கு.

இரண்டாம்கை

இதற்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். பணத்தில் ஒரு பகுதியாவது கேட்டு வாங்குங்கள். சீட்டையும் அந்தப் பதிலையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் என் பெட்டிகளில் இனிமேல் "வளர்ப்பவர் சொன்னது" என்று தனியாகவும் "நான் பார்த்தது" என்று தனியாகவும் எழுதலாம் என்று இருக்கிறேன். விற்பனை குறையும், பார்ப்போம்.

வெயில்கல்

குறையாது. நான் உங்களிடம் வாங்குவேன். தாள் வைத்துப் படம் எடுத்தால்.

மடியில்ஓணான்

பாதிப் பணம் திரும்பி வந்தது. "நல்ல வேளை, பொண்ணுங்கறது உண்மை" என்று விற்றவர் ஆறுதல் வேறு சொன்னார்.

பழையகூண்டு

அதையும் சரிபார்த்துவிடுங்கள் அம்மா. வாலை மெதுவாகத் தூக்கி, அடியில் டார்ச் வையுங்கள். ஓரங்களில் இரண்டு மேடு இருந்தால் ஆண். நடுவில் ஒன்று இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ பெண்.

மடியில்ஓணான்

பார்த்தேன்.

இரண்டு மேடு.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டியிருக்கிறேன்: "மண் நிறம். நான்கு நகத்தில் கோடு. ஆண். அப்பா, அம்மா பற்றிச் சொன்னது எதுவும் உறுதியில்லை. பூச்சியைப் பார்த்தால் கண்ணாடியில் முட்டிக்கொள்வான்."